கிளிநொச்சியில கமரா பூட்டினது: கடை எப்பிடி, சாமான் எப்பிடி, கள்ளன் எப்பிடி

வீட்டுக்குக் காவல் கமரா பூட்டினாப் பிறகு வழி தெருவில காணுற ஆக்கள் எல்லாரும் கேக்கிறது மூண்டு கேள்விதான், எந்தக் கடை, எவ்வளவு முடிஞ்சுது, இப்ப கள்ளன் வாறேல்லையோ. முதல் ரெண்டுக்கும் லேசாச் சொல்லிப்போடலாம், மூண்டாவதுக்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேணும், அதால எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிவிடுறன், நேரம் இருக்கிற ஆக்கள் வாசியுங்கோ.

எங்கட வீடு பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில முரசுமோட்டைப் பக்கம். பெரிய வளவு, முன்னுக்குப் படலை, படலையில இருந்து விறாந்தைக்கு இருபது மீற்றருக்குக் கிட்ட வரும், பின்னுக்குக் கிணறு, கிணத்தடியில மோட்டர், அதுக்கங்கால வாழை, அதுக்கும் அங்கால வயல். நான் வேலைக்குப் போனா வீட்டில அம்மா தனிய, அண்ணா கனடாவில. அருவி வெட்டு முடிஞ்ச கையோட நெல்லு மூட்டை விறாந்தையில அடுக்கிக் கிடக்கும், வன்னியில இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த நேரம் கள்ளருக்கும் போகம்தான். நெல்லு மட்டும் இல்லை, தண்ணி இறைக்கிற மோட்டர், மோட்டருக்குப் போற வயர் (செம்புக்காக அடியோட வெட்டிக்கொண்டு போறாங்கள்), பட்டியில நிக்கிற மாடு, சைக்கிள், சில இடத்தில ஓட்டைப் பிரிச்சு இறங்கி நகை. பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில வற்றாப்பளை அம்மன் பொங்கல் எண்டா சனம் வீட்டைப் பூட்டிப்போட்டு இரவிரவாக் கோயிலில நிக்கும், ஊரே வெறிச்செண்டு கிடக்கும், அதுவும் அவங்களுக்குத் தெரியும்.

அண்ணாதான் காசு அனுப்பிறன் கமரா பூட்டு எண்டு நிண்டது. சரி எண்டு விசாரிக்க வெளிக்கிட்டா ஒரு கடையில (எந்த ஊர்க் கடை எண்டு சொல்லேல்லை) உள்ளுக்க கால் வைச்ச உடன எட்டுக் கமரா செட் எடுங்கோ அக்கா, இப்ப விலை குறைச்சிருக்கு எண்டு பெட்டியைத் தூக்கி மேசையில வைச்சிட்டார், வளவு எப்பிடி, கரண்ட் எப்பிடி, இன்ரநெட் இருக்கோ இல்லையோ எண்டு ஒரு வார்த்தை இல்லை. அதே கடையில எடுத்துப் பூட்டின எங்கட சொந்தக்காரர் ஒராள் இப்ப கமரா ரிப்பயர் எண்டு போன் அடிச்சா அந்தாள் போன் எடுக்கிறதே இல்லையாம். அதோட அந்தக் கடையை விட்டிட்டன்.

பேந்து போனதுதான் நான் எழுதப்போற கடை. கிளிநொச்சி டவுணுக்கும் கரடிப்போக்குச் சந்திக்கும் இடையில, ஏ9 ரோட்டோட, முன்னுக்குப் போன் கவரும் சார்ஜரும் தொங்கும், உள்ளுக்கதான் கமரா வேலை. பேர் போடேல்லை, போட்டா காசு வாங்கிப்போட்டு எழுதுறாள் எண்டு சொல்லுவியள். கடைக்கார அண்ணை பெட்டியைத் திறக்க முதல் கேட்டது, பிள்ளை நீங்கள் எதைக் களவு குடுக்கப் பயப்பிடுறியள் எண்டு. நெல்லு, மோட்டர், அம்மா தனிய எண்டன். அப்ப மூண்டுக்கும் மூண்டு விதமாச் செய்ய வேணும், நான் பெடியனை அனுப்பிறன் அவன் வளவைப் பார்த்திட்டுச் சொல்லட்டும் எண்டார். பார்க்க வாறதுக்குக் காசு எடுக்கேல்லை, ஆனா சொன்ன நாளுக்கு வரவும் இல்லை, அது பேந்து சொல்லுறன்.

வந்த தம்பி நல்ல கெட்டிக்காரன். பழைய கலண்டர் தாள் ஒண்டைத் திருப்பிப்போட்டு வளவைக் கீறினான், வெயில் எந்தப் பக்கத்தால விழும் எண்டு கேட்டான், ஏனெண்டா விடிய வெயில் கமராவுக்கு நேர அடிச்சா வாற ஆள் கறுப்பு நிழலாத்தான் தெரியுமாம். பிறகு ஒரு கமராவைத் தாவாரத்தில சும்மா கையால பிடிச்சுக்கொண்டு, ரெண்டுபேரில ஒராள் போய்ப் படலையடியில நில்லுங்கோ எண்டான். அம்மா போய் நிண்டா. போனை என்னட்டத் தந்திட்டு, அக்கா இது ஆர் எண்டு முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ எண்டான். நான் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்க்கிறன், முகம் இருக்கிற இடத்தில நாலைஞ்சு சதுரம் கிடக்கு, அம்மா எண்டு நான் கண்டுபிடிச்சது அந்தப் பச்சைச் சீலையை வைச்சுத்தான்.

இது விளங்கினாக் காணும், கமரா வாங்கப்போற ஆக்கள் பாதிக் காசை மிச்சம் பிடிக்கலாம். 2 மெகாபிக்சல் கமராவில குறுக்கால 1920 புள்ளி. முன்னப்பின்ன தெரியாத ஒராளை ஆரெண்டு அடையாளம் சொல்லுறதெண்டா அந்த ஆள் நிக்கிற இடத்தில ஒரு மீற்றருக்கு 250 புள்ளியாவது விழ வேணும் எண்டு இந்தத் தொழிலில ஒரு கணக்கு இருக்கு. செட்டோட வாற சாதாரண 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் நல்லா விரிச்சுப் பிடிக்கும், முழு முற்றமும் வடிவாத் தெரியும், கடையில ரீவியில பார்க்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா அந்தக் கணக்குக்கு மூண்டு மீற்றருக்குள்ள நிண்டாத்தான் முகம். 6 மில்லிமீற்றர் லென்ஸ் எண்டா பார்க்கிற அகலம் குறையும், ஆனா ஏழெட்டு மீற்றர் வரைக்கும் முகம் பிடிக்கும். ஆக, இருபது மீற்றர் தள்ளி வீட்டுச் சுவரில எத்தினை கமரா பூட்டினாலும் படலையடியில ஆரோ நிக்கினம் எண்டுதான் தெரியும், ஆர் எண்டு தெரியாது. எட்டுக் கமரா செட் விக்கிற ஆக்கள் இதைச் சொல்லவே மாட்டினம். எங்களுக்கு அவன் நாலே நாலுதான் போட்டான், அதில ஒண்டு 6 மில்லிமீற்றர், படலைத் தூணில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு ஒரு இரும்புப் பைப் நட்டு, கையெட்டாத உயரத்தில, ஆனா மிச்சம் உயரத்திலயும் இல்லை, உயரத்தில வைச்சா தொப்பியும் ஹெல்மெட்டும்தான் விழும்.

கிணத்தடிக் கமராவுக்குத்தான் நான் இந்தக் கடைக்கு முழு மார்க்ஸ் போடுறன். மோட்டர் நிக்கிறது கிணத்தடியில, மோட்டரைப் பார்க்கிறதெண்டா கமரா கிணத்தடியைத்தான் பார்க்கும், நாங்கள் குளிக்கிறதும் அங்கதான், பக்கத்து வீட்டுக் கிணறும் வேலிக்கு அங்கால கொஞ்சம் தெரியும். நான் வாயைத் திறக்க முதல் அந்தத் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அக்கா இதில வீட்டு ஆக்கள் குளிக்கிறவையோ எண்டு கேட்டான். ஓம் எண்டன். அப்ப மோட்டர்க் கொட்டிலுக்கு உள்ளுக்க இருந்து வெளிய பார்க்கிற மாதிரி வாசலை மட்டும் பிடிப்பம் எண்டு திருப்பி, மிச்சம் தெரிஞ்ச மூலையை டிவிஆரில (கமராப் படம் பதியிற பெட்டி) கறுப்பாலை மறைச்சும் விட்டான். அந்த மறைப்பு எல்லாச் செட்டிலயும் இருக்கிற வசதிதான், நீங்கள் கேட்டாச் செய்து தருவினம், கேக்காட்டி ஆரும் செய்யாயினம். கமராப் படம் கனடாவில அண்ணா வீட்டு ரீவி வரைக்கும் போகுது எண்டிறதை யோசியுங்கோ. பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்காரர் இதை முதல்ல கதைச்சுப்போட்டு மிச்சத்தைக் கதையுங்கோ.

அதோட சேர்ந்ததுதான் பாஸ்வேட் கதையும். பூட்டி முடிச்ச உடன பூட்டின பெடியனின்ர போனிலயும் உங்கட வீடு தெரியும், ஏனெண்டா செற் பண்ணினது அந்தப் போனில. பேந்து அழிச்சுவிடுறம் எண்டுவினம். பேந்து எண்டிறதெல்லாம் இல்லை, அவன் படலையைத் தாண்ட முதல் உங்கட ஈமெயிலில புதுக் கணக்குத் திறந்து டிவிஆரை அதில சேர்த்து, அவன்ர போனில இருந்து உங்கட கண் முன்னால எடுக்கச் சொல்லுங்கோ. எங்கட தம்பி தானாகவே எடுத்துக் காட்டினான். பாஸ்வேட்டும் அவையள் வழமையாப் போடுற 12345 மாதிரி வேண்டாம். 2016இல மிராய் எண்டு ஒரு வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கமரா, டிவிஆருக்குள்ள பூந்தது, அது ஒண்டும் பெரிய வித்தை செய்யேல்லை, கொம்பனி போட்டு விட்ட பாஸ்வேட்டை ஒவ்வொண்டா அடிச்சுப் பார்த்ததுதான்.

டிவிஆரை எங்க வைக்கிறது எண்டு ஒரு சண்டை நடந்தது வீட்டில. அம்மா ரீவிக்குக் கீழ வைக்கச் சொன்னா, வாற ஆக்களுக்கும் காட்டலாம் எண்டு. எங்கட பக்கம் ஒரு வீட்டில நகையோட சேர்த்து டிவிஆரையும் கழட்டிக்கொண்டு போனவங்கள், ஏனெண்டா கள்ளனுக்கும் தெரியும் படம் கிடக்கிறது அந்தப் பெட்டிக்குள்ள எண்டு. எங்கட இப்ப எங்க இருக்கெண்டு இதில எழுதேலாது, ஆனா பூட்டுப் போட்ட இடத்தில, பின்பக்கம் காத்துப் போக ஓட்டை விட்டு இருக்கு, காத்து இல்லாட்டி வன்னி வெக்கைக்கு ஹாட் டிஸ்க் செத்துப்போம்.

ஹாட் டிஸ்க் கணக்கும் ஒருக்காச் சொல்லுறன். 2 மெகாபிக்சல் கமரா ஒண்டு செக்கனுக்கு 2 மெகாபிட் கணக்கில பதிஞ்சா ஒரு நாளைக்கு 21 ஜிபிக்குக் கிட்ட, நாலு கமரா எண்டா 86 ஜிபி, 1 டெராபைற் டிஸ்க் பத்துப் பதினொரு நாளில நிரம்பி, பழசை அழிச்சு அதுக்கு மேல எழுதத் துவங்கும். படத்தைச் சுருக்கிப் பதியிற எச்.265 எண்ட முறையில பதியச் சொல்லி டிவிஆரில மாத்தினா பாதி இடம் காணும், இருபது நாளுக்கு மேல நிக்கும். எங்கட செட்டில அந்த வசதி இருந்தும் பழைய முறையிலதான் வந்தது, மாத்தினது தம்பிதான். மணிக்கூடும் அப்பிடித்தான், பெட்டியில வரேக்கை சீனா நேரம், எங்கட நேரத்தை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்கும். சின்ன விசயம் எண்டு நினைப்பியள், ஆனா பொலிசில முறைப்பாடு குடுக்கப் போய், சாமம் ஒண்டரைக்குக் களவு போனது எண்டு நீங்கள் சொல்ல படத்தில விடிய நாலு மணி எண்டு நிண்டா அந்தப் படத்தை வைச்சு என்ன செய்யிறது. கமராப் பதிவைக் கோட்டில சாட்சியா எடுக்கிறதுக்கு இலங்கையில 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டமே இருக்கு, அதால பதிவை வெட்டாம ஒட்டாம, நேரம் பிழைக்காம, டிவிஆர் மேல எழுதிப்போட முதல் பென் டிரைவுக்கு மாத்தி வைச்சிருக்கிறது உங்கட வேலை. ரீவியில ஓடவிட்டுப் போனால எடுத்த வீடியோவை வைபரில அனுப்பிறது மட்டும் காணாது.

இனி இரவு. பகலில எந்தக் கமராவும் நல்ல கமராதான், இரவிலதான் குணம் தெரியும். எங்கட செட் இரவில கறுப்பு வெள்ளைக்கு மாறும், கண்ணாடியைச் சுத்தி மங்கலாச் சிவப்பு லைட் எரியும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், எல்லாத்துக்கும் மேல சிலந்தி வந்து கண்ணாடிக்கு நேர வலை கட்டும், வலை வெளிச்சத்தில பளிச்செண்டு அடிச்சு முழுப் படமும் வெள்ளையாப் போயிடும். மாரி துவங்கினாக் கேக்கவே வேண்டாம். கிழமைக்கு ஒருக்கா ஈர்க்குக் கட்டால தட்டிவிட வேணும், இதை எந்தப் பெட்டியிலயும் எழுதியிருக்க மாட்டாங்கள். மற்றது, தாவாரத்துச் சுவர் வெள்ளைப் பெயின்ட் எண்டா கமராவைச் சுவரோட ஒட்டிப் பூட்டாதேங்கோ, அதின்ர வெளிச்சம் சுவரில பட்டுத் திரும்பி அதின்ர கண்ணையே கூசப்பண்ணும், முற்றம் இருட்டாத் தெரியும். எங்கட ஒண்டு அப்பிடி இருந்தது, சொன்னாப் பிறகு வந்து நாலு இஞ்ச் வெளிய இழுத்துத் தந்தினம்.

இரவில கலரில தெரியிற கமராவும் இருக்கு, வெள்ளை லைட்டோட. ஆயிரமோ ரெண்டாயிரமோ கூட. படலைக்கு அதைத்தான் போட்டது, நல்ல வேலை, ஏனெண்டா ஆள் நடமாட்டம் கண்டாத்தான் லைட் பத்தும், பத்தின உடன ஆளுக்கு விளங்கும் தன்னைப் பார்க்குது எண்டு. என்னைக் கேட்டா அந்த லைட்டுக்குத்தான் காசு, கமராவுக்கு இல்லை.

ஆள் நடமாட்டம் எண்டோடன, நோட்டிபிகேஷன். பழைய கமராவள் படத்தில ஏதும் அசைஞ்சா கூவும், வாழையிலை ஆடினாலும் கூவும், இதில மனிசரையும் வாகனத்தையும் பிரிச்சுப் பார்க்கிற வசதி இருக்கு. கட்டாக்காலி மாடு, நாய், காத்துக்கு ஆடுற வாழை எல்லாத்தையும் அநேகமா விட்டுவிடும், அதுக்கு நம்பலாம். குரங்குக்கு மட்டும் குழம்புது. மதிலில நிமிர்ந்து இருக்கிற குரங்கை மனிசன் எண்டு பலதரம் சொல்லிப்போட்டுது, தூரத்தில பார்த்தா எனக்கும் அப்பிடித்தான் தெரியுது, அதைப் பிழை சொல்லேலாது.

நோட்டிபிகேஷன் வந்து பிரியோசனம், அதைப் பார்க்க ஆள் இருந்தாத்தான். சாமம் ரெண்டு மணிக்கு என்ர போன் எத்தினைதரம் கத்தினாலும் எனக்குக் கேக்காது. ஆனா இங்க சாமம் ரெண்டு மணி எண்டா ரொறன்ரோவில காலத்தைப் பொறுத்துப் பின்னேரம் மூண்டரை இல்லாட்டி நாலரை. வெளிநாட்டில சகோதரம் இருக்கிற எங்கட சனத்துக்கு இதில ஒரு பெரிய வசதி இருக்கு, கள்ளன் வாற நேரம் எங்களுக்கு நித்திரை, அவைக்கு முழிப்பு. எங்கட வீட்டில இராக் காவல் அண்ணாதான். முதல் மாசம் மனிசன் ஆர்வத்தில நாலு கமராவையும் தன்ர ரீவியில போட்டிட்டு அப்பிடியே விட்டு வேலைக்குப் போயிட்டார், இங்க ரவுட்டரில மாச டேட்டா முழுக்க முடிஞ்சு போய்க் கிடக்கு. நல்ல தெளிவில ஒரு கமராவை ஒரு மணித்தியாலம் பார்த்தா 900 எம்பி போகும், அங்க ஓடுற படம் எங்கட சிம்மில இருந்துதான் ஏறுது எண்டு அந்தாளுக்கு விளங்கேல்லை. இப்ப குறைஞ்ச தெளிவில மட்டும் பார்க்கிற மாதிரி செற் பண்ணியாச்சு, அதுவும் நோட்டிபிகேஷன் வந்தா மட்டும்.

அப்பிடி வந்தது ஒருநாள், நெல்லு அடுக்கிக் கிடந்த நேரம். வைபரில அண்ணா அடிச்ச அடியில அம்மாதான் முதல்ல எழும்பினா. படலையடியில ரெண்டு பேர், ஒருத்தன் உள்ளுக்கக் கை விட்டு ஆமைப்பூட்டைத் தடவிறான், லைட் பத்தியும் போகேல்லை எண்டார். நான் பக்கத்து வீட்டு மாமாவுக்கு அடிச்சன், அம்மா வீட்டு லைட் எல்லாத்தையும் போட்டா, மாமா டோர்ச்சையும் நாயையும் கொண்டு வெளிய வர மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டுது, அவ்வளவுதான். விடியப் படத்தைப் பார்த்தா ஒருத்தன் ஹெல்மெட், மற்றவன் துவாயால முகத்தைக் கட்டியிருக்கிறான். 6 மில்லிமீற்றர் லென்சும் 250 புள்ளியும் துவாயைத்தான் வடிவாப் பிடிச்சுது. மோட்டச்சைக்கிள் நம்பர் தகட்டில சேறு. பொலிசுக்குச் சொல்லிப் பதிஞ்சு வைச்சம், 119க்கும் அடிக்கலாம், ஆனா பிடிபடேல்லை. ஒரு மூட்டை நெல்லும் போகேல்லை எண்டிறது மட்டும் உண்மை. அம்மா இண்டைக்கும் சொல்லுறது அது மாமாவின்ர நாய்க்குத்தான் ஓடினவங்கள் எண்டு. கொஞ்ச நாளில எங்கட வீட்டுக்கு அங்கால, கமரா இல்லாத தோட்டம் ஒண்டில மோட்டர் போனது. அதே ஆக்களோ வேற ஆக்களோ, ஆரறிவார்.

அதால மூண்டாவது கேள்விக்கு என்ர பதில் இதுதான், கமரா கள்ளனை மறிக்காது, முழிச்சிருக்கிற ஒராளுக்குச் சொல்லும், அந்த ஒராள் இன்னொராளை எழுப்ப வேணும், எழும்பினவர் வெளிய வர வேணும். இதில ஒண்டு விட்டாலும் மிச்சம் படம் பார்க்கிறதுதான். மாமாவோட கதைபேச்சு இல்லாம இருந்திருந்தா இந்தக் காசுக்கு எங்களிட்ட ஒரு துவாயின்ர படம் மட்டும்தான் இருந்திருக்கும். மதில் கட்டின வீடுகளை விட முள்ளுக்கம்பி வேலி வீடுகள் ஒருவிதத்தில நல்லம் எண்டும் அந்தத் தம்பி சொன்னவன், மதிலுக்குள்ள குதிச்சிட்டா கள்ளன் என்ன செய்தாலும் ரோட்டால போற ஆக்களுக்குத் தெரியாது. புது வீடு கட்டுற ஆக்கள் யோசியுங்கோ.

வயலுக்குப் போட்ட சோலர் கமராவைப் பற்றியும் சொல்ல வேணும், அது இன்னொரு சாமான், அதே கடையில எடுத்தது. 4ஜி சிம் போடுற வகை, வயர் தேவையில்லை, தூணில பூட்டினாச் சரி. நான் இதுக்கு அஞ்சுக்கு ரெண்டுதான் போடுவன். பற்றரி மிச்சம் பிடிக்க எந்த நேரமும் நித்திரையில கிடக்கும், உடம்புச் சூடு அசைஞ்சாத்தான் முழிக்கும், அதுவும் ஏழெட்டு மீற்றருக்குள்ள வந்தாத்தான், முழிச்சுப் பதியத் துவங்க ஆள் தாண்டிப் போயிடுவான், எங்களிட்ட இருக்கிற கனக்கப் படம் ஆக்களின்ர முதுகு. நடு மத்தியானம் நிலம் கொதிக்கேக்கை உடம்புச் சூட்டையும் வடிவாப் பிரிக்குதில்லை. கார்த்திகை மாரியில தொடர்ந்து வானம் மூடிக் கிடக்கப் பற்றரி இறங்கி இறங்கிக் கடைசியில நிண்டே போச்சு. குரங்கு ஏறி இருந்து தகட்டை வளைச்சது வேற. சிம்முக்கு மாசம் மாசம் காசு. கடைக்கார அண்ணை நேர்மையா முதலே சொன்னவர், இது களவு பிடிக்கிற சாமான் இல்லைப் பிள்ளை, யானை வந்ததோ மாடு இறங்கினதோ எண்டு வீட்டில இருந்து பார்க்கிற சாமான் எண்டு. அந்தக் கணக்கில எண்டாச் சரி, மாடு இறங்கினது தெரிஞ்சு ஓடிப்போய்க் கலைச்சிருக்கிறம்.

கரண்ட். கரண்ட் போனா கமராவும் போகும், அது கள்ளனுக்கும் தெரியும், மெயின் சுவிச் வெளிச்சுவரில இருக்கிற வீடுகள் கவனம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில குரங்கு ஒண்டு உபமின் நிலையத்தில ஏறி முழு நாட்டுக்கும் கரண்ட் போனது எண்டு மந்திரியே சொன்னவர், எங்கட குரங்கள் அந்தளவுக்கு இன்னும் வளரேல்லை. கொம்பியூட்டருக்குப் போடுற 650 யூபிஎஸ் ஒண்டு போட்டிருக்கிறம், டிவிஆர், நாலு கமரா, ரவுட்டர் எல்லாத்துக்கும் ஒரு மணித்தியாலம் மட்டில தாங்கும், அதுக்கு மேல கேக்காதேங்கோ. அதைவிட முக்கியம் மின்னல். சித்திரை, ஐப்பசி மின்னலுக்கு வெளிய நீட்டின கேபிள் வழியா வந்து டிவிஆரை எரிச்சுப்போட்டுப் போகும், மின்னல் அடிச்ச சாமானுக்கு வொரன்டி இல்லை எண்டு எல்லாக் கடையிலயும் சிரிச்சுக்கொண்டே சொல்லுவினம். எங்களுக்கு எர்த் கம்பி புதுசா அடிச்சு, ஒவ்வொரு கேபிளுக்கும் பாதுகாப்புத் துண்டு ஒண்டு போட்டுத் தந்தினம், அதுக்குத் தனிக் காசு எடுத்தவை, குடுக்கலாம். கேபிளைப் பைப்புக்குள்ளால விட்டதும் நல்லது, எங்கட வளவில அணில் கடிக்காத வயர் இல்லை.

பிழையள் சொல்ல வேணும் எண்டா, நேரம். நாளைக்கு வாறம் எண்டா அடுத்த கிழமை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, போன் எடுப்பினம், மரியாதையாக் கதைப்பினம், வரமாட்டினம். பில் கேட்டுத்தான் வாங்க வேணும், நான் கேட்டபடியால்தான் ஒவ்வொரு சாமானுக்கும் சீரியல் நம்பரோட எழுதித் தந்தார், அது இல்லாம வொரன்டி எண்டு வாயால சொல்லுறதை நம்பாதேங்கோ. பவர் சப்ளை ஒண்டு மலிவுச் சாமான் போட்டுவிட்டினம், இரவில லைட் பத்தின உடன ஒரு கமரா நிண்டு நிண்டு வந்தது, பேந்து மாத்தித் தந்தவை, காசு எடுக்கேல்லை. சோலரை விட்டு மிச்சம் எல்லாம், கூலி, யூபிஎஸ், எர்த் சேர்த்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிச்சுது. இதைவிடக் குறைச்சுப் பூட்டின ஆக்களும் இருக்கினம், எர்த்தும் பைப்பும் இல்லாம.

ஊர்ச் சனம் என்ன சொன்னதெண்டு கேக்கிற ஆக்களுக்கு: எதிர் வீட்டு ஆச்சி கமராவை நிமிர்ந்து பார்த்திட்டு, உதில நான் தெரியிறனோ பிள்ளை எண்டு கேட்டா. சண்டைக் காலத்தில ஓமந்தைச் சோதனைச் சாவடியில பையைக் கவிட்டுக் காட்டி நிண்ட சனம் நாங்கள், எங்களை ஆரோ பார்க்கிறது எண்டா வயசுபோன ஆக்களுக்கு இன்னும் ஒரு மாதிரித்தான். கூட்டிக்கொண்டு போய் ரீவியில காட்டினன், ரோட்டுப் பக்கம் படலையோட வெட்டி விட்டிருக்கு, உங்கட வாசல் விழாது எண்டு. அயலட்டையோட கோவம் வராம இருக்கிறதெண்டா பூட்டின அண்டைக்கே இதைச் செய்யுங்கோ, ஏனெண்டா சாமத்தில நீங்கள் போன் அடிக்கப்போறது அவையளுக்குத்தான்.

கடைக்கு அஞ்சுக்கு நாலு. ஞாயிற்றுக்கிழமை பூட்டு, வெள்ளி மத்தியானத்திலயும் சிலநேரம் ஆள் இராது. வளவு பார்க்க வரச் சொல்லேக்கை சின்னத் தம்பியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ, பெரியவர் வந்தா கமரா ரெண்டு கூட எழுதுவார்.